மூன்றாம் நம்பர் குடமும் முதுமலை யானையும்

வண்டலூர் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம். அங்கே யானை இருக்கிறது, புலி இருக்கிறது, ஐஸ்க்ரீமும் கிடைக்கும். அதனால் முதுமலைக் காட்டுக்குப் போகவேண்டும் என்று நான் சொன்னபோது, என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "வண்டலூர்ல இல்லாத யானையா?" என்று கேட்டார். நான் தோசையைத் திருப்பிப் போட்ட சத்தத்திலேயே அவருக்குப் பதில் புரிந்திருக்கும்.

வண்டலூர் யானையால்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒரு வருஷம் பிள்ளைகளை அங்கே சுற்றுலா கூட்டிப்போனோம். யானை நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. காலில் சங்கிலி. முன்வரிசையில் நின்ற ஒரு குட்டிப் பெண் என் புடவையை இழுத்து, "டீச்சர், அது எங்க போவணும்னு இப்டி ஆடிக்கினே கீது?" என்று கேட்டாள். வகுப்பில் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிறவள் நான். அன்றைக்கு வாயில் ஈ போனது கூடத் தெரியாமல் நின்றேன். வருஷா வருஷம் கரும்பலகையில் யானை வரைகிறேன், தும்பிக்கை என்று எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். அது போக ஆசைப்படும் இடம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அதைப் பார்க்காமல் சாகக்கூடாது என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் அதிகப்படியான சபதம்தான். என் சுபாவம் அப்படி.

அது இரண்டு வருஷமாக மழை பொய்த்துப்போயிருந்த கோடை. தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணையில் நாங்கள் வீடு வாங்கியபோது புரோக்கர், "ஏரிப் பக்கம் சார், தண்ணிக்கு மட்டும் உங்களுக்குக் கவலையே வராது" என்றார். அந்த ஏரியில் பையன்கள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். போர் போட்ட வீடுகளில் மோட்டாரைப் போட்டால் காற்று வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல், தெருமுனைக்குத் தண்ணீர் லாரி வரும். வீட்டுக்குப் பத்துக் குடம். பதினேழு வீடு. லாரித் தண்ணீர் பதினைந்தாவது வீடு வரைக்கும் வரும். அன்றைக்கு டிரைவர் வழியில் எங்கேயும் திறந்துவிடாமல் வந்திருந்தால் பதினேழு வரைக்கும் வரும்.

முதலில் கூட்டம், தள்ளுமுள்ளு, குழாயடிச் சண்டை. குடத்தால் மண்டையை உடைத்துக்கொள்கிற அளவுக்குப் போனது. எனக்கு வரிசை இல்லாத இடத்தைக் கண்டாலே கை பரபரக்கும். ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து, பரீட்சைப் பேப்பரின் பின்பக்கத்தில் சிவப்பு மையால் சட்டம் எழுதி, லைட் கம்பத்தில் ஒட்டினேன். ஒன்று முதல் பதினேழு வரை நம்பர். குடம் இடம் பிடிக்கலாம். ஆனால் வீட்டு ஆள் பக்கத்தில் நின்றால்தான் அதில் தண்ணீர் விழும். தொடர்ந்து மூன்று முறை ஆள் வராத வீடு கடைசி நம்பருக்குப் போகும். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எங்களுக்கு மூன்றாம் நம்பர் வந்தது. சத்தியமாகக் குலுக்கித்தான் போட்டேன். தெருவே என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

எதிர்வீட்டு மீன்கார அக்காவுக்கு ஐந்தாம் நம்பர். கோவளம் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். கணவர் படகுக்குப் போகிறவர், பாதி நாள் அங்கேயே இருந்துவிடுவார். இவள் விடியற்காலையில் மொபெட்டில் போய் மீன் எடுத்துவந்து இரும்புலியூர் வரைக்கும் தெருத்தெருவாக விற்பாள். மாசியில் அவளுடைய அப்பா இறந்துபோனார். காரியம் முடித்து அவள் திரும்பி வர ஆறு நாள் ஆனது. அதற்குள் லாரி மூன்று முறை வந்துவிட்டது. நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு போய், ஐந்தை அடித்துப் பதினேழு என்று எழுதினேன்.

அவள் வந்து கம்பத்தைப் பார்த்துவிட்டு என் வாசலில் நின்றாள். "இன்னா டீச்சர் இது? எங்க நைனா செத்துப்பூட்டாரு. ஊர் சுத்தவா போனேன்?" என்றாள். நான் கேட்டுக்கு உள்ளே நின்றபடியே, "ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் அக்கா. ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் ஒரு காரணத்தோட வருவாங்க" என்றேன். கத்துவாள், நானும் ரெண்டு கொடுக்கலாம் என்று தயாராக இருந்தேன். அவள் கத்தவில்லை. போய்விட்டாள். அதற்குப்பின் எங்கள் வாசலில் மீன் கூடை இறங்கவில்லை. நானும் விடாப்பிடியாக, கொழுப்பெடுத்துப்போய், தாம்பரம் மார்க்கெட் வரைக்கும் நடந்து மீன் வாங்கினேன்.

இப்படியிருக்கும்போதுதான் என் கணவர் ஒரு பழைய மாருதி வேன் வாங்கினார். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸில் அவருக்கு வேலை. அங்கே யாரோ விற்றார்கள். ஓட்டத் தெரியாது. கற்றுக்கொண்டது எங்கே? ஏரியில். ஆமாம், தண்ணீர் இல்லாத ஏரிக்குள் இறக்கி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு மாதம் ஓட்டினார். கிரிக்கெட் பையன்கள் ஓவருக்கு நடுவில் ஓடிவந்து, "கிளட்ச்சை விடுங்க அங்கிள், மெதுவா மெதுவா!" என்று கோச்சிங் கொடுத்தார்கள்.

ஒருநாள் நானும் கூடப் போய் ஏரியின் நடுவில் இறங்கி நின்றேன். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் என் கை முழுசாகப் போனது. நிமிர்ந்து பார்த்தேன். கரை எங்கேயோ மேலே, அதன் உச்சிக்குக் கொஞ்சம் கீழே பழைய தண்ணீர்க் கோடு. அதுவரைக்கும் தண்ணீர் நின்றிருக்கிறது. என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் இருந்த இடத்தில் செருப்புக் காலோடு நிற்கிறேன். அம்மாடி! இவ்வளவும் எங்கே போயிற்று என்று சத்தமாகவே கேட்டேன். "என்னது?" என்றார் அவர் வேனுக்குள்ளிருந்து. "ஒண்ணுமில்ல, பிரேக்கைப் பாத்துப் போடுங்க" என்றேன்.

வண்டி ஓட்டப் பழகியவுடன் அவருக்கே ஆசை வந்துவிட்டது. ஆண்களுக்கு வண்டியின் மூலமாகத்தான் எதுவும் உள்ளே போகும். கூடத்தில் தமிழ்நாடு ரோடு மேப்பை விரித்தார். அது சுருண்டு சுருண்டு கொண்டதால் நாலு மூலைக்கும் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம்: அவர், நான், பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்த மகள், ஆறாவது முடித்த மகன். தாம்பரத்தில் விரல் வைத்து ஜி.எஸ்.டி. ரோட்டில் கீழே இறங்கி, திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, அங்கே வலது பக்கம் திரும்பி சேலம், அவினாசி, மேட்டுப்பாளையம், பிறகு மலை. மகன் தன் விரலை விடாமல் நகர்த்திக்கொண்டே போனான். மேப் முழுக்க மஞ்சளும் சாம்பலுமாக இருந்தது. அந்த மேற்கு மூலையில் மட்டும் அவன் விரலுக்கு அடியில் திட்டாகப் பச்சை. நாலு தலையும் ஒன்றாகக் குனிந்து, மூச்சுவிடாமல் அந்தப் பச்சையைப் பார்த்தோம். கட்டைவிரல் அகலம்கூட இருக்காது.

"இதுக்குள்ள எத்தனை யானை இருக்கும்?" என்று மகன் கேட்டான்.

"நாம போற அன்னிக்கு ஒண்ணு வந்தா போதும்டா" என்றேன்.

காட்டிலாகாவின் விடுதியில் ஓர் அறை கேட்டு, அவர் தன் ஆபீஸ் பாஷையில் கடிதம் எழுதினார், பணத்துக்கு டி.டி. எடுத்து இணைத்தார். மூன்று வாரம் கழித்து பழுப்புக் கவர் வந்தது. மே மாதம் மூன்றாவது வாரத்தில் இரண்டு இரவு. ஆனால் காட்டுத்தீ அபாயத்தால் காடு மூடியிருக்கிறது, கோடைமழை பெய்தால்தான் திறப்போம் என்று கீழே ஒரு வரி. எங்கள் வீட்டில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. நாங்கள் நாலு பேரும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம் மழை பெய்யவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தோம். பேப்பரில் வானிலைப் பகுதியை மகள் தினம் சத்தமாகப் படிப்பாள். மே இரண்டாம் வாரம் ஒரு காலை, "கூடலூர்ல நல்ல மழைம்மா!" என்று கத்தினாள். கூடலூர் முதுமலையை ஒட்டிய ஊர். நான் போய்ச் சாமி படத்துக்கு ஒரு கற்பூரம் ஏற்றினேன். அடுத்த நாள் என் கணவர் டெலிபோனில் விசாரித்தார், காட்டைத் திறந்துவிட்டார்களாம். வீடே குதித்தது.

குதித்த வீடு அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே அடங்கிவிட்டது. புதன் கிளம்பினால் ஞாயிறுதான் திரும்புவோம். ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் லாரி மூன்று முறை வரும். மூன்று முறை ஆள் வராத வீடு... சொல்லவேண்டாம், நான்தானே எழுதினேன்.

என் கணவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, ரொம்ப சாதாரணமாக, "நீ வேணா இருந்துக்கோயேன்" என்றார். "பசங்களக் காட்டிட்டு வந்துடறேன். நீ அடுத்த வருஷம் வரலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. "யானை பாக்கணும்னு சொன்னது யாரு? நீங்களா? வண்டலூர்ல இல்லாத யானையான்னு கேட்டீங்களே, நீங்க இருங்க! வண்டலூர் பஸ்ஸு பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு!"

"வேனை யாரு ஓட்டுவா?"

ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க என்று சும்மாவா சொன்னார்கள்?

மறுநாள் ஒன்றாம் நம்பர் வீட்டு ரிடையர்டு சாரிடம் போனேன். குழைந்து குழைந்து பேசினேன். ஐந்து நாள் மட்டும் எங்கள் குடத்துக்கும் யாராவது நிற்க முடியுமா என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வீட்டு ஆள்தான் நிக்கணும்னு நீங்களே எழுதியிருக்கீங்களே டீச்சர்" என்றார். கேலி இல்லை, நிஜமான மரியாதையோடு சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது. ஒன்பதாம் நம்பர் வீட்டம்மா இன்னும் ஒருபடி மேலே போய், "அந்த மீன்கார அம்மாவுக்கே விடல நீங்க. சாவுக்கே விடாதவங்க டூருக்கு எப்படிங்க?" என்றாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, பாத்ரூமுக்குள் போய் அழுதேன். முகம் கழுவ அரைச் சொம்புத் தண்ணீர்தான் எடுத்துக்கொண்டேன்.

கடைசி நம்பருக்குப் போவது என்றால் வெறும் கௌரவம் இல்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும், மழைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, நாலு பேர் துணி, சமையல். அதனால் நானே முடிவு செய்தேன். போகிறவர்கள் போகட்டும், நான் நிற்கிறேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்று பேருக்கு மட்டும் பெட்டி அடுக்கினேன். ஸ்வெட்டர், டார்ச், தலைவலி மாத்திரை, புளியோதரை. மூன்று கேன் தண்ணீரும் எடுத்து வைத்தேன், காட்டில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கிறதோ இல்லையோ என்று. மகள் என் பக்கத்தில் நின்று, "நீ வரலைன்னா நானும் வரல" என்றாள். "போடி, போய் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். வாசலில் வேன் டிக்கி திறந்திருந்தது. பெட்டியைத் தூக்கிவைக்கப் போனேன்.

எதிர்வீட்டு அக்கா தன் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. மூன்று மாதத்துக்கப்புறம் அவளாகவே தெருவைத் தாண்டி வந்தாள்.

"இன்னா டீச்சர், மூணு பொட்டிதான் கீது? உன்னுது எங்க?"

"நான் போகல அக்கா."

"ஏன்?"

கம்பத்தைப் பார்த்தேன். அவளும் திரும்பிக் கம்பத்தைப் பார்த்தாள். சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் நியாயம்தான், நானாக இருந்தால் தெருவையே கூட்டிச் சிரித்திருப்பேன்.

"உன் பொண்ணு தெனம் பேப்பர் படிக்கிறது எங்க வூட்டு வரிக்கும் கேக்குது," என்றாள். "ஆனை பாக்கணும்னு நீதான சொல்லிக்கினு இருந்த? போ. உன் கொடத்துக்கு நான் நிக்கிறேன்."

"வீட்டு ஆள்தான்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நான் உன் வூட்டு ஆளுன்னு சொல்லிக்கிறேன். எவன் வந்து கேக்குறான்னு பாக்குறேன்." மொபெட் துடைத்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "போய் உன் பொட்டிய எட்தா. சாவிய குட்த்துட்டுப் போ."

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று நான் அந்த இடத்திலேயே சொல்லியிருக்கவேண்டும். வாய்வரைக்கும் வந்தது. சாவியை மட்டும் கொடுத்தேன். இருபது வருஷமாகப் பேசிப் பிழைக்கிற வாய், தேவைப்பட்ட அன்று பூட்டிக்கொண்டது.

பயணத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் மகன் இரண்டு முறை, "வந்துடுச்சா?" என்று கேட்டான். லாரி எதிரே வந்தாலே என் கணவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அந்த லாரி போனபிறகு நாங்கள் நாலு பேரும் சேர்ந்து மூச்சை விடுவோம். முதல் நாள் மேட்டுப்பாளையத்தில் தங்கி, மறுநாள் காலை மலை ஏறினோம். ஏரிக்குள் சமதளத்தில் பழகிய மனிதர் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங்கைச் சுழற்றியதைப் பார்த்து, அதுவரை வாழ்க்கையில் காட்டாத ஒரு மரியாதையை அவரிடம் காட்டினேன். வாயே திறக்கவில்லை.

மதியம் முதுமலையில், ஆற்றங்கரைத் தெப்பக்காட்டில் விடுதி அறைக்குள் நுழைந்து மகன் குழாயைத் திறந்தான். திறந்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. கை நிறைய, சில்லென்று, சத்தத்தோடு. நான் பெட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து ஓடி அதை மூடினேன். அங்கே நின்றிருந்த விடுதிக்காரர் பயந்துவிட்டார். "ஏம்மா, தண்ணி நல்லாத்தான் இருக்கும், மலைத்தண்ணி" என்றார். அப்போதுதான் எங்கள் நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் வேனிலிருந்த மூன்று கேன் ஞாபகம் வந்தது. பீர்க்கன்கரணையிலிருந்து, அப்படியே சிந்தாமல் சிதறாமல், ஆற்றங்கரைக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறோம்! என் கணவர் சிரிக்க ஆரம்பித்தவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் மட்டும் குழாயை மறுபடி கொஞ்சமாகத் திறந்து, கையை நீட்டி வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் பின்னாலிருந்து "சீக்கிரம்" என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் காட்டிலாகா வேனில் ஏறினோம். கோடைமழை பெய்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கருகிய புல்லுக்கு அடியிலிருந்து இளம்பச்சை முளைத்திருந்தது. மான்கள் ஆடு மாதிரிச் சாதாரணமாக நின்றன. ஒரு வளைவில் டிரைவர் எஞ்சினை அணைத்து, உதட்டில் விரல் வைத்தார். கீழே ஆறு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பாறை, மூங்கில், தண்ணீர், அவ்வளவுதான். பிறகு ஒரு பாறை நகர்ந்தது.

சத்தமே இல்லை. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சுள்ளி உடையவில்லை. மூங்கிலிலிருந்து ஒன்று வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு எண்ண முடியவில்லை. மகன் பதினொன்று என்றான், மகள் பதிமூன்று என்றாள். நடுவில் ஒரு குட்டி, நாலு பெரிய கால்களுக்குள் நடந்தது. யாரும் ஓட்டவில்லை, யாரும் இழுக்கவில்லை. காலில் ஒன்றுமில்லை. தண்ணீருக்குள் இறங்கிய பெரியது, ஒரு வாய் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தூக்கித் தன் முதுகில் எறிந்தது. மறுபடி எடுத்தது. மறுபடி எறிந்தது. இவ்வளவு தண்ணீரை இப்படி வாரி இறைக்கலாமா என்று எனக்கு நெஞ்சு பதறியது. அடுத்த நிமிஷம் அந்தப் பதற்றம் போய்விட்டது. அதுபாட்டுக்கு ஆறு வந்துகொண்டே இருந்தது. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

குட்டி சறுக்கிப் பக்கவாட்டில் விழுந்து, எழுந்திருக்க மனமில்லாமல் தண்ணீரில் அப்படியே கிடந்தது. பெரியது அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றது. ஆற்றின் நடுவில், வேலை எதுவும் இல்லாமல், போகவேண்டிய இடத்துக்கு வந்துசேர்ந்தாற்போல, ஆடாமல் அசையாமல் நின்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய அமைதியைப் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டேனா என்று தெரியாது. கும்பிட்டதாக மகள் சொல்கிறாள். எவ்வளவு நேரம் என்றும் தெரியாது. அவை வந்த மாதிரியே, ஒரு சத்தமும் இல்லாமல், அக்கரை மூங்கிலுக்குள் போய்விட்டன. ஆறு மட்டும் கலங்கி, பிறகு தெளிந்தது. வெகுநேரம் கழித்து என் கணவர் மெதுவாக, "வண்டலூர்ல இல்லாத யானைதான்" என்றார். இருபது வருஷத்தில் அவர் என்னிடம் தோற்றதாக ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

அன்று முழுக்க எனக்கு ஒரே நினைப்பு. இதை எதிர்வீட்டு அக்காவுக்குச் சொல்லவேண்டும். அந்தக் குட்டி விழுந்ததை, பெரியது நின்றதை, ஒன்று விடாமல் சொல்லவேண்டும். முதலில் மன்னிப்பு, பிறகு யானை. வழியெல்லாம் வார்த்தை வார்த்தையாக மனசுக்குள் தயார் செய்துகொண்டே வந்தேன். அவளுக்காக ஊட்டி வர்க்கி பிஸ்கட் ஒரு பெரிய பொட்டலம் வாங்கி மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜன்னல் விளிம்பில் அவள் வைத்திருந்த சாவியை எடுத்து வீட்டைத் திறந்தோம். எங்கள் டிரம் இரண்டும் விளிம்புவரை நிரம்பியிருந்தன. அடுக்களையில் பத்துக் குடமும் நிரம்பி, ஒவ்வொன்றின் மேலும் தட்டு மூடியிருந்தது. பாத்ரூம் வாளிகூட நிரம்பியிருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல், வர்க்கிப் பொட்டலத்தோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

அவள் பின்கட்டில் மீன் கூடையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். மணலைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள், தண்ணீர் இல்லாமல். சுவரோரம் அவளுடைய குடங்கள் கவிழ்த்துக் கிடந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே காய்ந்து, தூசி படிந்திருந்தது.

"என்னக்கா, லாரி வரலையா?"

"வந்திச்சே. மூணு வாட்டியும் வந்திச்சி. உன்னுது ரொம்பிச்சில்ல?"

"உங்களுது?"

"உன்னுது மூணாம் நம்பரு, எனுது பதினேழு. மூணுக்கு வந்திச்சி, பதினேழுக்கு வர்ல. மூணு வாட்டியும் பதினாலோட காலி. அதுக்கு இன்னா பண்ண சொல்ற?" தலையைத் தூக்காமல் கூடையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "மார்கெட்டாண்ட ரெண்டு கொடம் தண்ணி வாங்கி வண்டில கட்டிக்கினு வந்தேன். ஓடிச்சி."

"எங்க தண்ணியை எடுத்திருக்கலாமே அக்கா! சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு! முப்பது குடம் புடிச்சு ஊத்தியிருக்கீங்க, அதுல ஒரு நாலு குடம்..."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமில்லை. நான் என்ன கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவே இல்லை.

"அது உன் தண்ணி டீச்சர். உன் வூட்டு ஆளுன்னு சொல்லித்தான நின்னேன்? அப்பறம் எப்டி எனுக்கு எடுப்பேன்?"

நான் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பில் ஒரு வார்த்தைகூட அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. வர்க்கிப் பொட்டலத்தை நீட்டினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள், மோந்து பார்த்தாள், பக்கத்தில் வைத்தாள். கூடையைத் தள்ளிவிட்டுக் கல்லின்மேல் காலை நீட்டி உட்கார்ந்து, எனக்கும் பக்கத்தில் இடம் காட்டினாள். முகமெல்லாம் ஆவல்.

"அத்த வுடு. ஆனை எப்டி கீது? மொத்தம் எத்தினி வந்திச்சி? மொதல்லேந்து சொல்லு."

உட்கார்ந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. குழந்தை மாதிரி, தேம்பித் தேம்பி வந்தது. அவள் பயந்துபோய் என் முதுகைத் தடவிக்கொடுத்து, "இன்னா டீச்சர், ஆனை வர்லியா?" என்று கேட்டாள்.